ரன் கொடுக்கும் முன் விடையைச் சொல்லுங்கள்!

பைத்தான் கேள்வி – பதில்

பைத்தானை இப்போதுதான் தொட்டவர்கள், பாதியில் மாட்டிக்கொண்டவர்கள், அதையே வேலையாகச் செய்பவர்கள் என மூன்று தரப்பிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. எளியதில் தொடங்கிக் கடினத்துக்குப் போகும்படி அடுக்கியிருக்கிறேன். நடுவில் இருப்பவர்களும் முதலிலிருந்தே படியுங்கள். முதல் பாதியில் புரியாமல் விட்டதுதான் இரண்டாம் பாதியில் எர்ரராக வந்து நிற்கும்.

● ஒரே மாதத்தில் பைத்தான் கற்றுக்கொள்ள முடியுமா?
– பிளஸ் டூ மாணவி, தேனி

எழுதத் தொடங்க ஒரு மாதம் போதும். எழுதியதை நம்ப ஒரு மாதம் போதாது. இஃப், லூப், லிஸ்ட், ஃபங்ஷன் ஆகிய நான்கும் கைக்கு வந்தால், வகுப்பு மதிப்பெண்களைக் கூட்டித் தரவரிசை போடும் நிரலை நீங்களே எழுதிவிடுவீர்கள். கூகுளின் ஆராய்ச்சி இயக்குநராக இருந்த பீட்டர் நார்விக், '24 மணி நேரத்தில் ஜாவா' வகைப் புத்தகங்களுக்குப் பதிலாக ஒரு கட்டுரை எழுதினார். நிரலாக்கத்தைப் பத்து ஆண்டுகளில் தானாகக் கற்பது எப்படி என்பது அதன் பொருள். பத்து ஆண்டு என்றதும் மலைக்காதீர்கள். பயன் முதல் மாதமே கிடைக்கும். தேர்ச்சிதான் காலம் கேட்கும்.

● சி முதலிலா, பைத்தான் முதலிலா?
– பொறியியல் மாணவர், சேலம்

பைத்தான் முதலில். சி கட்டாயம். பைத்தானில் கணக்கை மட்டும் யோசித்தால் போதும். சி மொழியோ, அந்தக் கணக்கு நினைவகத்தில் எங்கே உட்காருகிறது என்பதையும் யோசிக்க வைக்கும். நாம் வழக்கமாக இறக்கி நிறுவும் பைத்தானே சி மொழியில் எழுதப்பட்டதுதான். பைத்தானை ஓராண்டு பழகிவிட்டு சி பக்கம் போனால், இதுவரை நமக்காகத் திரைக்குப் பின்னால் யார் உழைத்தார்கள் என்பது தெரியவரும்.

● ஆங்கிலம் சுமார்தான். தடையாக இருக்குமா?
– பாலிடெக்னிக் மாணவர், விருதுநகர்

பைத்தானின் ஒதுக்கப்பட்ட சொற்கள் மொத்தம் 35. இஃப், எல்ஸ், ஃபார், வைல், ரிட்டர்ன் என்று ஒரே பக்கத்தில் எழுதி முடித்துவிடலாம். மொழியை ஆரம்பிக்க அவ்வளவு ஆங்கிலம் போதும். வேரியபிள்களுக்கும் ஃபங்ஷன்களுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். 2008இல் வந்த பைத்தான் 3 முதல் அதற்கு அனுமதி உண்டு. 'மொத்தம் = 0' என்று எழுதினால் அப்படியே ஓடும். ஆனால் எர்ரர் செய்திகளும் மொழியின் ஆவணங்களும் ஆங்கிலத்தில்தான் அதிகம். அதைத் தனிப் பாடமாகப் படிக்க வேண்டாம். வாரம் ஐந்து எர்ரர் செய்திகளை முழுதாகப் படித்துப் பொருள் புரிந்துகொள்ளுங்கள். வேலைக்கு வேண்டிய ஆங்கிலம் அந்த வழியாகவே வந்து சேரும்.

● என்னிடம் லேப்டாப் இல்லை.
– கலைக்கல்லூரி மாணவி, பெரம்பலூர்

ஃபோன் இருக்கிறதல்லவா? ஆண்ட்ராய்டில் பைத்தான் எழுதி ஓட்டச் செயலிகள் உண்டு. கூகுள் கோலாப் பிரௌசரிலேயே ஓடும், இலவசம். அதைவிட முக்கியமான கருவிகள் நோட்டும் பென்சிலும். ஐந்து வரி நிரலை நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு வரி முடிந்ததும் எந்த வேரியபிளில் என்ன மதிப்பு இருக்கும் என்று பக்கத்தில் குறியுங்கள். பிறகு ஃபோனில் ஓட்டிச் சரிபாருங்கள். விலையுயர்ந்த லேப்டாப் வைத்திருப்பவர்களில் பலர் இந்தப் பயிற்சியைச் செய்வதேயில்லை.

● வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. தனியாக உட்கார்ந்தால் ஒரு வரிகூட வரவில்லை. ஏன்?
– ஐடிஐ முடித்தவர், கரூர்

வீடியோவில் யோசிப்பவர் அவர். நீங்கள் ஆமோதிக்கிறீர்கள். ஆமோதிப்பது கற்பதாகாது. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துப்போகச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்: ரன் கொடுக்கும் முன் விடையைச் சொல்லுங்கள். திரையில் வரிகள் வந்ததும் வீடியோவை நிறுத்துங்கள். என்ன அச்சாகும் என்று எழுதி வையுங்கள். பிறகு ஓட்டுங்கள். சரியாக வந்தால் ஒரு வரியை மாற்றி மறுபடி ஊகியுங்கள். தவறினால் இன்னும் நல்லது. உங்கள் மனத்தில் இருக்கும் பைத்தானும் உண்மையான பைத்தானும் எந்த இடத்தில் வேறுபடுகின்றன என்று அந்தத் தவறு விரல்வைத்துக் காட்டுகிறது. அந்த இடைவெளியைக் குறைப்பதற்குப் பெயர்தான் கற்றல்.

● பைத்தானை உருவாக்கியவர் யார்?
– எட்டாம் வகுப்பு மாணவர், நாகர்கோவில்

நெதர்லாந்தைச் சேர்ந்த குய்டோ வான் ராசம். ஆம்ஸ்டர்டாமில் உள்ள சிடபிள்யூஐ என்ற கணித, கணினி ஆராய்ச்சி மையத்தில் வேலை செய்தபோது, 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் தொடங்கினார். 1991 பிப்ரவரியில் முதல் பதிப்பை வெளியிட்டார். அதே மையத்தில் கற்பிப்பதற்காக உருவான ஏபிசி என்ற மொழியில் அவர் முன்பு வேலை செய்திருந்தார். அதன் நல்லவற்றை வைத்துக்கொண்டார், குறைகளைத் தவிர்த்தார். தம்பி, ஒரு விடுமுறை எவ்வளவு தூரம் போகும் பார்த்தாயா?

● வரியின் தொடக்கத்தில் நாலு இடம் விடாவிட்டால் எர்ரர் வருகிறதே, இது என்ன பிடிவாதம்?
– சி++ பழகிய மாணவர், வேலூர்

வாசிப்பவருக்காக வைத்த பிடிவாதம். இதுவும் ஏபிசியிலிருந்து வந்த சொத்துதான். சி++இல் எந்த வரி எந்த இஃபுக்குள் அடங்குகிறது என்று கம்பைலருக்குச் சொல்வது நெளிவு அடைப்புக்குறி. மனிதக் கண்ணுக்குச் சொல்வது உள்தள்ளல். இரண்டும் முரண்பட்டால் கண் ஏமாறும். பைத்தானில் இரண்டும் ஒன்றே என்பதால் பார்ப்பதுதான் நடப்பதும். நாலு இடம் என்பது பெப் 8 என்ற நடை வழிகாட்டியின் பரிந்துரை. உள்தள்ளலில் டேப், ஸ்பேஸ் இரண்டையும் தாறுமாறாகக் கலந்தால் பைத்தான் 3 மறுத்துவிடும்.

● ஒன்றிலிருந்து எண்ணாமல் ஏன் சைபரிலிருந்து எண்ண வேண்டும்?
– கணித ஆசிரியை, கும்பகோணம்

கணித ஆசிரியைக்குக் கணிதத்திலேயே பதில். எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982இல் இதற்கென்றே ஒரு குறிப்பு எழுதினார். தொடக்கத்தைச் சேர்த்து, முடிவை விட்டு எண்ணுங்கள் என்றார். அப்படி எண்ணினால் முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்ததும் எண்ணிக்கை கிடைத்துவிடும். ரேஞ்ச் (0, 5) என்றால் ஐந்து எண்கள். அடுத்தது ரேஞ்ச் (5, 10). இரண்டுக்கும் நடுவே எதுவும் விடுபடவில்லை, எதுவும் இருமுறை வரவில்லை. ஒன்றைக் கூட்டுவதா கழிப்பதா என்ற குழப்பத்தில் பிறக்கும் பிழைகள்தான் லூப்களில் அதிகம். சைபர் அவற்றைப் பெருமளவு குறைக்கிறது.

● எர்ரர் வந்தால் பயமாக இருக்கிறது. முழுத் திரையும் நிரம்பிவிடுகிறது!
– பி.காம். மாணவி, தூத்துக்குடி

கடைசி வரியிலிருந்து படியுங்கள். என்ன நடந்தது என்பது அங்கே இருக்கும். அதற்கு மேலே, எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் என்பது இருக்கும். நேம் எர்ரர் என்றால் அப்படியொரு பெயரே இல்லை, பெரும்பாலும் எழுத்துப்பிழை. டைப் எர்ரர் என்றால் சேராத இரண்டைச் சேர்க்கப் பார்த்திருக்கிறீர்கள். கீ எர்ரர் என்றால் டிக்ஷனரியில் இல்லாததைக் கேட்டிருக்கிறீர்கள். 2021இல் வந்த 3.10 பதிப்பு முதல் இந்தச் செய்திகளைத் தெளிவாக்கப் பெரும் உழைப்பு போட்டிருக்கிறார்கள். நீங்கள் எழுத நினைத்த பெயர் இதுவா என்று அதுவே கேட்கும். பயப்பட வேண்டியது எர்ரர் வராமலே தப்பு விடை தரும் நிரலுக்குத்தான்.

● 0.1 + 0.2 போட்டால் 0.30000000000000004 வருகிறது. பைத்தானுக்குக் கூட்டல் தெரியாதா?
– கணக்காளர், ஈரோடு

நன்றாகத் தெரியும். மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடியாமல் போகிறது அல்லவா? பத்தில் ஒரு பங்கை இரும எண்ணில் எழுதினாலும் அப்படியே முடியாமல் போகும். கணினி ஓரிடத்தில் வெட்டித்தானே ஆக வேண்டும்? வெட்டிய துணுக்குதான் கடைசியில் தெரியும் அந்த 4. இது சி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் எல்லாவற்றிலும் உண்டு. நீங்கள் கணக்காளர் என்பதால் சொல்கிறேன்: பணத்தை ஒருபோதும் ஃப்ளோட்டில் வைக்காதீர்கள். பைசாவாக்கி முழு எண்ணில் வையுங்கள், அல்லது டெசிமல் மாட்யூலைப் பயன்படுத்துங்கள். முழு எண்ணுக்குப் பைத்தானில் எல்லை கிடையாது. 2இன் 100ஆம் அடுக்கைக் கேட்டால் 31 இலக்கமும் சரியாக வரும்.

● ரவுண்ட் (2.5) கேட்டால் 2, ரவுண்ட் (3.5) கேட்டால் 4. ஒரே வாயில் இரண்டு பேச்சா?
– அதே கணக்காளர்

ஒரே விதிதான். சரிபாதியில் நின்றால் அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குப் போ என்பது அது. எப்போதும் மேலே தள்ளினால் ஆயிரம் பில்களின் கூட்டுத்தொகை மேல்பக்கமாகவே சாயும். இப்படிச் செய்தால் ஏறுவதும் இறங்குவதும் ஏறத்தாழச் சரிக்கட்டிக்கொள்ளும்.

● 'அ = [1, 2, 3]' என்று எழுதி, 'ஆ = அ' என்று நகல் எடுத்தேன். ஆ-வில் 4 சேர்த்தால் அ-விலும் சேர்ந்துவிட்டது!
– டேட்டா என்ட்ரி ஊழியர், திருப்பூர்

நீங்கள் நகல் எடுக்கவில்லை. இந்தப் பக்கத்தின் மிக முக்கியமான கேள்வி இதுதான், அதனால் நின்று நிதானமாகப் பார்ப்போம். வேரியபிள் என்பது மதிப்பைப் போட்டு வைக்கும் டப்பா என்று பல வகுப்புகளில் சொல்லித்தருகிறார்கள். பைத்தானில் அது டப்பா இல்லை, பெயர்ச்சீட்டு. லிஸ்ட் ஒன்றுதான். அதில் முதலில் 'அ' என்று ஒரு சீட்டு ஒட்டினீர்கள். 'ஆ = அ' என்றதும் அதே லிஸ்ட்டில் இரண்டாவது சீட்டு ஒட்டினீர்கள். எந்தச் சீட்டைப் பிடித்து மாற்றினாலும் மாறுவது அந்த ஒரே லிஸ்ட். நகல் வேண்டுமானால் காப்பி என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். லிஸ்ட்டுக்குள் லிஸ்ட் இருந்தால் அதுவும் போதாது, டீப்காப்பி வேண்டும். இனி வரும் கேள்விகளில் சிலவற்றுக்கு இந்தப் பெயர்ச்சீட்டே பதில்.

● '==' எதற்கு, 'இஸ்' எதற்கு?
– பயிற்சி நிரலாளர், ஓசூர்

இரண்டின் மதிப்பும் சமமா என்று கேட்பது '=='. இரண்டு சீட்டும் ஒரே பொருளில்தான் ஒட்டியிருக்கின்றனவா என்று கேட்பது 'இஸ்'. எண்களுக்கு 'இஸ்' போட்டுப் பார்த்துச் சரியாக வருகிறதே என்று ஏமாறாதீர்கள். நாம் வழக்கமாக நிறுவும் பைத்தானான சிபைத்தான் -5 முதல் 256 வரையுள்ள எண்களை முன்கூட்டியே ஆக்கி வைத்துத் திரும்பத் திரும்பக் கொடுக்கிறது. 257இல் அந்த உத்தரவாதம் இல்லை. மதிப்பு எதுவும் இல்லை என்பதைக் குறிக்கும் 'நன்' (None) தானா என்று பார்க்க மட்டும் 'இஸ்' போடுங்கள்.

● ஃபங்ஷனில் பட்டியல் தராவிட்டால் காலிப் பட்டியல் எடுத்துக்கொள் என்று எழுதினேன். இரண்டாம் முறை கூப்பிட்டால் முதல் முறை போட்டதும் சேர்ந்து வருகிறது. பேய் பிடித்த மாதிரி இருக்கிறது!
– ஸ்டார்ட்அப் ஊழியர், கோவை

அந்தக் காலி லிஸ்ட், ஃபங்ஷனைக் கூப்பிடும்போது பிறப்பதில்லை. ஃபங்ஷனை வரையறுத்தபோதே ஒரே ஒருமுறை பிறந்துவிட்டது. ஒவ்வொரு அழைப்பிலும் ஃபங்ஷனுக்குள் இருக்கும் பெயர் அதே லிஸ்ட்டில்தான் ஒட்டப்படுகிறது. முதல் அழைப்பில் போட்டது அதிலேயே கிடக்கிறது. தீர்வு: இயல்பு மதிப்பாக 'நன்' வையுங்கள். உள்ளே போனதும் 'நன்' என்றால் புது லிஸ்ட் ஆக்குங்கள். அனுபவசாலிகளையும் பதம் பார்க்கும் பிழை இது. திருப்பூர் அன்பர் கேட்ட கேள்வியேதான், வேறு உடையில் வந்திருக்கிறது.

● லிஸ்ட், டியூப்பிள், டிக்ஷனரி, செட். எதை எப்போது?
– எம்சிஏ மாணவி, தஞ்சாவூர்

வரிசை முக்கியம், மாற்றவும் வேண்டும்: லிஸ்ட். வரிசை முக்கியம், மாறக் கூடாது: டியூப்பிள். ஒன்றைச் சொல்லி இன்னொன்றைக் கேட்க வேண்டும்: டிக்ஷனரி. இருக்கிறதா இல்லையா என்பதே கேள்வி: செட். கடைசியை அலட்சியப்படுத்தாதீர்கள். 10 லட்சம் பதிவெண்கள் உள்ள லிஸ்ட்டில் ஒன்றைத் தேடினால், அது இல்லாதபோது பைத்தான் 10 லட்சத்தையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டாக வேண்டும். செட் அந்தப் பதிவெண்ணிலிருந்தே அது இருக்க வேண்டிய இடத்தைக் கணக்கிட்டு நேரே அங்கே போய்ப் பார்க்கும். லிஸ்ட்டை செட் ஆக்கும் ஒரே வரி, மணிக்கணக்கில் ஓடும் நிரலை நொடிக்கணக்குக்குக் கொண்டுவரக்கூடும்.

● 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் கேட்டால் பைத்தான் 5 என்கிறது. எழுத்து மூன்றுதானே?
– தமிழாசிரியர், காரைக்குடி

ஐயா, நாம் எழுத்தை எண்ணுகிறோம், பைத்தான் யூனிகோட் குறியீடுகளை எண்ணுகிறது. த ஒன்று, ம ஒன்று, இகரக் குறி ஒன்று, ழ ஒன்று, புள்ளி ஒன்று. ஆக ஐந்து. சொல்லைத் திருப்பிப் போடச் சொன்னால் இன்னும் மோசம். புள்ளி தனியே முதலில் வந்து நிற்கும். இகரக் குறி ம-வை விட்டு ழ-வோடு ஒட்டிக்கொண்டு 'ழி' ஆகிவிடும். தமிழ்ச் சொல் விளையாட்டோ, அசை பிரிக்கும் நிரலோ எழுதுபவர்கள் முதலில் குறியீடுகளை எழுத்துகளாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓப்பன்-தமிழ் என்ற இலவச நூலகம் இதைச் செய்கிறது. தமிழ்ச் சொற்களாலேயே நிரலெழுதும் 'எழில்' என்ற மொழியும் பைத்தானில் உருவாக்கப்பட்டதுதான். மாணவர்களுக்கு இதையே பயிற்சியாகக் கொடுங்கள்: ஒரு சொல்லில் உயிர், மெய், உயிர்மெய் எத்தனை என்று எண்ணும் நிரல். இலக்கணமும் நிரலாக்கமும் ஒரே வகுப்பில் நடக்கும்.

● பபிள் சார்ட், குவிக் சார்ட் எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டுமா? சார்ட்டட் என்று ஒரு சொல் போட்டால் போதுமே!
– வளாக நேர்காணலுக்குத் தயாராகும் மாணவர், மதுரை

வேலையில் சார்ட்டட் போடுங்கள். அதற்குள் இருக்கும் டிம்சார்ட் முறையை டிம் பீட்டர்ஸ் 2002இல் பைத்தானுக்காக எழுதினார். அது அவ்வளவு நன்றாக அமைந்ததால் பிறகு ஜாவாவும் எடுத்துக்கொண்டது. உண்மையான தரவில் ஏற்கெனவே வரிசையாக இருக்கும் துண்டுகளைக் கண்டுபிடித்து இணைப்பது அதன் உத்தி. ஆனால் பபிள் சார்ட்டையும் ஒருமுறை கையால் எழுதுங்கள், மனப்பாடத்துக்காக அல்ல. 10 எண்ணுக்கு எத்தனை ஒப்பீடு, 1000 எண்ணுக்கு எத்தனை என்று ஓட்டும் முன் ஊகிக்கப் பழகுவதற்காக. நேர்காணலில் சோதிப்பதும் அந்த ஊகத்தைத்தான்.

● என்ன புராஜெக்ட் செய்யலாம்?
– டிப்ளமோ மாணவி, கடலூர்

உங்கள் வீட்டு மின்கட்டணம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடுகிறார்கள், முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறுகிறது. யூனிட் சொன்னால் தொகை சொல்லும் நிரல் எழுதுங்கள். எழுதும் முன்பே சோதனைகளை எழுதி வையுங்கள்: 0 யூனிட், 100 யூனிட், 101 யூனிட், ஒவ்வொரு படியின் எல்லை. பிழை எப்போதும் எல்லையில்தான் குடியிருக்கும். பிறகு விலைப்பட்டியலைத் தனிக் கோப்புக்கு மாற்றுங்கள்; கட்டணம் உயர்ந்தால் நிரலைத் தொட வேண்டியதில்லை. அடுத்து கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில் போட்டு வையுங்கள். இஃபில் தொடங்கிய பயிற்சி, சோதனை, வடிவமைப்பு, பதிப்பு மேலாண்மை வரை உங்களைக் கொண்டுபோய் விடும்.

● கிளாஸ் எழுதினால்தான் நல்ல நிரலாளரா?
– சுயமாகக் கற்பவர், ராமநாதபுரம்

இல்லை. சில தரவுகளும் அவற்றை மாற்றும் ஃபங்ஷன்களும் எப்போதும் கூட்டாகவே அலைந்தால், அவற்றுக்கு ஒரு கிளாஸ் கொடுங்கள். ஒரே ஒரு ஃபங்ஷனைச் சுற்றி கிளாஸ் கட்ட வேண்டாம்.

● லாக் ஃபைல் பல ஜிபி. திறந்தாலே கணினி உறைந்துவிடுகிறது.
– சிஸ்டம் அட்மின், சென்னை

முழுவதையும் லிஸ்ட்டில் அள்ளாதீர்கள். ஃபைலையே ஃபார் லூப்பில் விட்டால் ஒரு நேரத்தில் ஒரு வரிதான் நினைவகத்துக்கு வரும். அதற்கு மேல் வடிகட்டவும் மாற்றவும் வேண்டுமென்றால் ஜெனரேட்டர் எழுதுங்கள். 2001இல் வந்த யீல்ட் என்ற சொல்தான் அதன் உயிர். ரிட்டர்ன் விடையைக் கொடுத்துவிட்டு ஃபங்ஷனை முடித்துவிடும். யீல்ட் ஒரு விடையைக் கொடுத்துவிட்டு அதே வரியில் காத்திருக்கும். அடுத்தது கேட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இங்கே ஊகிக்கும் பயிற்சி இன்னும் சுவையானது. ஜெனரேட்டரைக் கூப்பிட்ட வரியில் என்ன அச்சாகும்? ஒன்றுமே அச்சாகாது. முதல் மதிப்பைக் கேட்கும் வரை அதன் உள்ளே ஒரு வரிகூட ஓடாது.

● டெக்கரேட்டர் எவ்வளவு படித்தாலும் மண்டையில் ஏறவில்லை.
– இரண்டு ஆண்டு அனுபவமுள்ளவர், பெங்களூரு

'@' குறியை மறந்துவிடுங்கள். 2004க்கு முன் அந்தக் குறியே இல்லை. பெயர்ச்சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஃபங்ஷனும் ஒரு பொருள், அதன் பெயரும் ஒரு சீட்டு. டெக்கரேட்டர் என்பது ஒரு ஃபங்ஷனை வாங்கிக்கொண்டு, பெரும்பாலும் அதை உள்ளே வைத்து வேறொரு ஃபங்ஷனைத் திருப்பித் தரும் ஃபங்ஷன். 'கணக்கு = நேரம்பார் (கணக்கு)' என்று ஒரு வரி எழுதினால் வேலை முடிந்தது. கணக்கு என்ற சீட்டு இப்போது புது ஃபங்ஷனில் ஒட்டியிருக்கிறது. பழையது அதன் உள்ளே இருக்கிறது. '@' அந்த வரியை மேலே, கண்ணில் படும் இடத்தில் எழுத உதவுகிறது. மூன்று முறை குறியில்லாமல் எழுதிவிட்டு நான்காம் முறை குறியோடு எழுதுங்கள், ஏறிவிடும்.

● பைத்தான் மெதுவான மொழி என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள்.
– இயற்பியல் ஆய்வு மாணவர், திருநெல்வேலி

தூய பைத்தான் லூப் சி மொழியைவிட மெதுவானது, உண்மைதான். ஆனால் உங்கள் துறையிலேயே பாருங்கள். 2019 ஏப்ரலில் வெளியான கருந்துளையின் முதல் படத்துக்கான கணக்கில் நம்பை உள்ளிட்ட பைத்தான் நூலகங்கள் உழைத்திருக்கின்றன. என்ன செய்ய வேண்டும் என்பதைப் பைத்தான் சொல்கிறது. நம்பையின் உள்ளே சி மொழி வேகமாகச் செய்து முடிக்கிறது. 2022இல் வந்த 3.11 பதிப்பே முந்தையதைவிடச் சராசரியாக 25% வேகம். ஆனால் எதையும் வேகப்படுத்தும் முன் அளந்து பாருங்கள். நேரம் எங்கே போகிறது என்று நீங்கள் ஊகித்த வரியும் புரொஃபைலர் காட்டும் வரியும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது.

● த்ரெட், மல்டிபுராசஸிங், அசிங்க். மூன்றில் எது?
– பேக்எண்ட் டெவலப்பர், சிங்கப்பூர்

உங்கள் நிரல் காத்திருக்கிறதா, உழைக்கிறதா? நெட்வொர்க்குக்கும் டேட்டாபேஸுக்கும் காத்திருக்கிறது என்றால் அசிங்க் அல்லது த்ரெட். கணக்குப் போட்டு உழைக்கிறது என்றால் மல்டிபுராசஸிங். காரணம், சிபைத்தானில் உள்ள ஜில் என்ற பூட்டு. எத்தனை த்ரெட் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பைத்தான் கட்டளையை நிறைவேற்றும். அந்தப் பூட்டு இல்லாத பதிப்பு 2024 அக்டோபரில் 3.13உடன் சோதனையாக வந்தது. 2025இல் 3.14 அதை அதிகாரபூர்வமாக ஏற்றது. ஆனால் விரும்பினால் மட்டும் எடுத்துக்கொள்ளும் தனிப் பதிப்பாகவே இருக்கிறது. ஆகவே காத்திருப்பா, உழைப்பா என்ற கேள்வியை இன்றைக்கும் கேட்டே ஆக வேண்டும்.

● டைப் ஹின்ட் எழுதினால் பைத்தான் சரிபார்க்குமா?
– க்யூஏ பொறியாளர், ஹைதராபாத்

ஓடும்போது பார்க்காது. எண் என்று எழுதிவிட்டு எழுத்தைக் கொடுத்தாலும் பேசாமல் வாங்கிக்கொள்ளும். மைபை போன்ற தனிக் கருவிதான் ஓட்டும் முன் சரிபார்க்கும். சிறு நிரலுக்கு விருப்பம்போல் செய்யுங்கள். பத்துப் பேர் கைவைக்கும் நிரலுக்கு அவசியம் எழுதுங்கள். எழுதியவர் வேலை மாறிப் போன பிறகும் அவர் நினைத்தது அங்கே இருக்கும்.

● அலுவலகத்தில் இன்னும் பைத்தான் 2 ஓடுகிறது. விட்டுவிடலாமா?
– பராமரிப்புப் பிரிவு, புதுச்சேரி

விடக் கூடாது. பைத்தான் 3 வந்தது 2008இல். 2இன் ஆதரவு முடிந்தது 2020 ஜனவரி 1 அன்று. மாற 11 ஆண்டு கொடுத்தார்கள். இனிமேல் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை மொழியின் குழு அடைக்காது. மாற்றும்போது வகுத்தலில் கவனம் வையுங்கள். 5 / 2 பழையதில் 2, புதியதில் 2.5. பிரிண்ட் தவறினால் எர்ரர் வந்து காட்டிக்கொடுக்கும். வகுத்தல் தவறினால் தப்பு விடை சத்தமில்லாமல் அறிக்கையில் ஏறிவிடும்.

● குய்டோ ஏன் தலைமையை விட்டு விலகினார்?
– தொழில்நுட்ப வாசகர், யாழ்ப்பாணம்

':=' என்ற ஒரு குறி. ஒரு எக்ஸ்பிரஷனுக்கு நடுவிலேயே மதிப்பை ஒரு பெயருக்குக் கொடுக்க உதவும் அந்தக் குறியைச் சேர்ப்பதா என்று கடும் விவாதம் நடந்தது. ஏற்றுக்கொண்ட பிறகு 2018 ஜூலையில் அவர் தலைமைப் பொறுப்பிலிருந்து இறங்கினார். இப்போது மையப் பங்களிப்பாளர்கள் தேர்ந்தெடுக்கும் ஐவர் குழு முடிவெடுக்கிறது. அந்த விவாதம் பொதுவெளியில் நடந்தது. ஒரு மொழியில் ஏன் ஒன்று இருக்கிறது, ஏன் இல்லை என்று அறிய விரும்புகிறவர்கள், மொழியில் மாற்றங்களை முன்மொழியும் பெப் ஆவணங்களைப் படிக்க வேண்டும். மேல்நிலைக்குப் போக அதைவிட நல்ல வாசிப்பு எனக்குத் தெரியாது.

● ஏஐ இரண்டு நொடியில் நிரல் எழுதிக் கொடுக்கிறது. நான் எதற்குக் கற்க வேண்டும்?
– பிடெக் மாணவர், திருச்சி

அது எழுதியது சரியா என்று யார் சொல்வது? கோவை அன்பரின் காலி லிஸ்ட் பிழையை ஏஐயும் செய்யக்கூடும். பார்த்தால் அழகாக இருக்கும், முதல் சோதனையில் தேறும், இரண்டாவது வாடிக்கையாளரிடம் முதலாமவரின் பட்டியலைக் காட்டும். கையெழுத்துப் போடுகிறவர் நீங்கள். கருவியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், ஒரே நிபந்தனையோடு: அது கொடுத்த நிரலை ஓட்டும் முன் வரிவரியாக விடை சொல்லுங்கள். சொல்ல முடியாத வரி இருந்தால் அது இன்னும் உங்கள் நிரல் ஆகவில்லை. கற்கிற காலத்திலோ முதல் முயற்சியை உங்கள் கையாலேயே செய்யுங்கள். திணறும் அந்த நேரத்தில்தான் கற்றல் நடக்கிறது, அதை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

● நான் அட்வான்ஸ்டு ஆகிவிட்டேன் என்று எப்போது தெரிந்துகொள்வது?
– மூன்று ஆண்டு அனுபவமுள்ளவர், சென்னை

மூன்று வரி தருகிறேன். 'எண்கள் = [1, 2, 3]', 'வேறு = எண்கள்', 'வேறு = வேறு + [4]'. இப்போது எண்கள் என்ன? கடைசி வரியை 'வேறு += [4]' என்று மாற்றினால் என்ன?

முதலாவதில் எண்கள் மாறாது. கூட்டல் புதிதாக ஒரு லிஸ்ட்டை ஆக்கி, வேறு என்ற சீட்டை அதற்கு மாற்றிவிட்டது. இரண்டாவதில் எண்களிலும் 4 இருக்கும். '+=' அதே லிஸ்ட்டை நீட்டிவிட்டு, சீட்டை அங்கேயே விட்டது. இதில் முதல் வாரத்தில் படிக்காத குறி எதுவும் இல்லை. ஆனால் காரணத்தோடு விடை சொல்லப் பல ஆண்டு அனுபவமுள்ளவர்களும் தயங்குவார்கள். மேல்நிலை என்று தனியாக ஒரு மாடி இல்லை. அடிப்படையை மிச்சமில்லாமல் புரிந்துகொள்வதுதான் மேல்நிலை. திருப்பூர் அன்பர் உங்கள் பக்கத்து இருக்கைக்கு வந்து அதே கேள்வியைக் கேட்டால், 'பைத்தானில் அப்படித்தான்' என்று சொல்லாமல் அவருக்குக் காரணத்தைப் புரியவைத்து, அடுத்த விடையை அவரையே ஊகிக்க வைக்க உங்களால் முடிகிறதா? அன்றைக்கு நீங்கள் அட்வான்ஸ்டு.